பத்தாவது விதி

மே 12. ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன்.

பேகம்பூரில் உள்ள எங்கள் பழைய வீட்டை ஒரு பிரெஞ்சுக் குடும்பம் விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறது. முதல் நாள் அம்மா தூக்குவாளியில் பிரியாணி கொடுத்தனுப்பினார். வாளி நிறைய கேக் திரும்பி வந்தது.

“வெறும் வாளியத் தரல பாரு ஃபர்ஹீன், அம்புட்டு மரியாதை!” என்று பூரித்த அம்மா, உடனே இடியாப்பத்தை நிரப்பினார்.

நான்கு நாளாக வாளி ஓயவில்லை.

இன்று அந்தக் குடும்பத்துப் பெண்மணி அழாத குறையாக, “மலைக்கோட்டையைக்கூடப் பார்க்கவில்லை. சமைத்துக்கொண்டே இருக்கிறோம். நாளைக்கே கிளம்பிவிடுகிறோம்” என்றார்.

“யார் சமைக்கச் சொன்னது?”

அவர் சுவரைக் காட்டினார். மாலை ஆங்கில வகுப்பில் நான் எழுதி, விருந்தினருக்காக அங்கே ஒட்டிய வீட்டு விதிகள். பத்து எழுத நினைத்து ஒன்பதுதான் தோன்றியதால், பத்தாவதாக எங்கள் வழக்கத்தையும் சேர்த்திருந்தேன்: ‘பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாது.’

நாளைய வேலை: பத்தாவது விதியை அடிப்பது. பிறகு காலி வாளியோடு அம்மா முன் நிற்பது.