சூரியதேவனின் முழங்கால்

“இந்த ரோட்ஸ் தீவுலயே சாமிக்குப் பயப்படாத ஒரே ஆம்பளை நான்தான் மாமா. பெருமைக்குச் சொல்லலை. ஒரு தகவலுக்குச் சொல்றேன்.”

மிக்கியோன் இதைச் சாமியின் காதருகே நின்று சொன்னான். சாமி காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. நிலநடுக்கத்தில் முழங்காலோடு முறிந்து, மூன்று வருடமாக மல்லாந்து கிடக்கிற சூரியதேவன். எழுபது முழ வெண்கலம். உள்ளூர்க்காரர்கள் அந்தப் பக்கம் வர நேர்ந்தால், துறைமுகத்தில் ஏதோ முக்கியமாக நடப்பதுபோல அங்கேயே பார்த்துக்கொண்டு கடந்துவிடுவார்கள்.

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்க மாப்ளே,” என்றார் மாமனார் திமார்கோஸ்.

“எதுக்கு மெதுவா? அங்க பாருங்க. கோஸ் தீவுக்காரன் நம்ம சாமி மூக்குமேல உக்காந்து பொரிச்ச மீன் திங்கிறான். முள்ளை எங்க துப்பறான் தெரியுதா? கண்ணுக்குள்ள! வெட்கமா இல்லை உங்களுக்கு?”

திமார்கோஸ் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்ததால்தான் பார்க்கவில்லை.

அன்று நடுப்பகலில் ஊர்ச்சபை கூடுகிறது. வெண்கலமும் ஆட்களும் நான் தருகிறேன் என்று எகிப்து ராஜா சொல்லியனுப்பியிருந்தார். சாமியைத் திரும்ப நிறுத்துவதா வேண்டாமா என்று ஊர் கைதூக்கி முடிவுசெய்ய வேண்டும். நிறுத்துவதென்று முடிவானால் மேற்பார்வை மிக்கியோனுக்குத்தான். புதுப் பீடத்தில் அவன் பெயரையும் வெட்டுவார்கள். ஐந்து வருடம் அலெக்ஸாந்திரியாவில் ஒயின் ஜாடி விற்றுவிட்டு, போன மாதம் ஊர் திரும்பியவன், வந்த நாளிலிருந்து சபைப் பேச்சைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

“டெல்ஃபி கோயில்ல குறி கேட்டாச்சே மாப்ளே. எழுப்பாதீங்கன்னு வந்திருச்சே.”

“குறி! எங்கயோ கடல் தாண்டி ஒரு அம்மா புகையில உக்காந்து முனகுது. அதுக்குப் பயந்துக்கிட்டு இந்த ஊர் ஜாடி முதலாளிங்க அத்தனை பேரும் தலையைத் தொங்கப்போட்டுக் கையைத் தூக்கப் போறாங்க. ஒரு வருஷம் முற்றுகையைத் தாங்கின வீரனுங்களோட பேரனுங்க! த்தூ.”

“சாமி மேல தப்பில்லைப்பா.”

“நானும் அதைத்தானே சொல்றேன்? தப்பு அந்தச் சிற்பி மேல. லிண்டோஸ் ஊர்க்காரன், கணக்குத் தெரியாதவன். எங்க தாத்தா காலத்துல வீட்டுக்கு நூறு கூடை கருங்கல் சுமந்து வந்து கனத்துக்காகச் சாமிக்குள்ள நிரப்பியிருக்காங்க நம்ம ஜனங்க. அவனுக்கு நிக்க வைக்கத் தெரியலை. அவன் பேரனுக்கு இன்னிக்கு வரைக்கும் இந்த ஊர்ல ஒருத்தன் பொண்ணு குடுக்கலையே, சும்மாவா?”

திமார்கோஸ் செருப்பு வாரை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

“உள்ள போய்ப் பார்த்தீங்களா?”

“குனிஞ்சு போகணும் மாமா. நான் குனியறதில்லை.”

“புதுசா எத்தனை கூடை கல் வேணும்னு எகிப்துக்காரன் கேப்பானே. என்ன சொல்வீங்க?”

அது நியாயமாகப் பட்டது. மிக்கியோன் ஒரு விளக்கை வாங்கிக்கொண்டு, பிளந்து கிடந்த முழங்காலுக்குள் குனிந்து நுழைந்தான். கோஸ்காரன் மீனை முடித்துக் கையைச் சாமியின் புருவத்தில் துடைத்துக்கொண்டு போகிற வரைக்கும் அவன் வெளியே வரவில்லை. வந்தபோது தலைமுடியெல்லாம் சிவப்புத் தூசி.

“எத்தனை கூடை மாப்ளே?”

“சபைக்கு நேரமாச்சு மாமா.”

சபையில் கட்டியக்காரன் அவன் பெயரைக் கூவினான். “இன்னிக்கு இருக்குடா வேடிக்கை!” என்று பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். மிக்கியோன் எழுந்தான்.

“ரோட்ஸ் மக்களே, வெட்கம்…” என்று ஆரம்பித்தான். அதற்குமேல் வரவில்லை. உட்கார்ந்துவிட்டான்.

“குறி சொன்னபடி நடக்கலாம்கிறவங்க கையைத் தூக்குங்க!” என்றான் கட்டியக்காரன்.

ஜாடி முதலாளிகளின் கைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. மிக்கியோன் மடியிலிருந்து எதையோ எடுத்து, யாருக்கும் தெரியாமல் மாமனாரின் உள்ளங்கையில் வைத்தான். உடைந்த ஜாடியின் கைப்பிடி. ரோட்ஸில் கைப்பிடியில் முதலாளி பெயரை அழுத்தாமல் எந்த ஜாடியும் சூளைக்குள் போகாது. இதில் அழுத்தியிருந்த பெயர் மிக்கியோனின் தாத்தாவுடையது.

“முழங்கால்ல கல்லே இல்லை மாமா,” என்றான். மெதுவாகத்தான் சொன்னான். “மேல் வரிசைதான் கல்லு. உள்ள முழுக்க உடைசல் ஜாடி. பாவம், அந்தச் சிற்பி…”

“எங்கப்பா பேரும் உள்ள கிடக்குமே, பார்த்திருப்பீங்க.” திமார்கோஸ் அந்தக் கைப்பிடியை அவன் கையிலேயே வைத்து விரல்களை மூடினார். “சாமிக்குப் பயந்து இங்க யாரும் கையைத் தூக்கலை மாப்ளே. தூக்கினவங்க எல்லாருமே ஒருதரம் உள்ள போயிட்டு வந்தவங்கதான்.”

மிக்கியோன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, காலியாக இருந்த இன்னொரு கையைத் தூக்கினான்.