கொய்யா நின்ற இடம்

"என் கோழிங்களுக்கு நிழலே இல்லக்கா" என்று பக்கத்து வீட்டு ரோஸ்லின் கேட்டதும், பவளம் தன் கொல்லையிலிருந்த இளங்கொய்யாவை, வேரைப் பிடித்திருந்த தாய்மண்ணோடு பெயர்த்துக் கொடுத்தாள். வேரைப் பற்றித்தான் கவலைப்பட்டாள். தன் கோழிகள் அடையும் கிளையை மறந்துவிட்டாள்.

அந்தியில் கருப்புப் பெட்டை, மூடிய குழியருகே வந்து கிளை இருந்த உயரத்துக்குத் தாவி விழுந்தது. கூண்டில் அடைத்தால் கத்தியது. திறந்துவிட்டால் மறுபடி தாவியது.

"இலையெல்லாம் தொங்கிப்போச்சுக்கா. திரும்ப எடுத்துக்கிறீங்களா?" மதிலுக்கு அப்பாலிருந்து ரோஸ்லின் கேட்டாள்.

"இன்னொரு தடவ பிடுங்குனா செத்துரும்டி."

பவளம் குழிமேல் நின்று கையை நீட்டினாள். பெட்டை தாவி ஏறிக் கண்ணை மூடிக்கொண்டது. தோள் கடுத்தது. கையை இறக்கலாமா என்று குனிந்தாள். மற்ற நான்கு கோழிகளும் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.