புதுப் பூட்டு

"ரிப்பேர் முடிஞ்சதும், ஒரு மாசம் கழிச்சி நீயே திரும்பி வந்துக்கோம்மா. இப்ப ஜல்தி சாமான எட்த்துக்கினு கெளம்பு" என்கிறார் வீட்டுக்காரர் லூர்துநாதன். வாசலில் நிற்கிற அவர் கையில் புதுப் பூட்டு. திண்டிவனத்தில் மழை விட்டும் வீட்டின் கூரை சொட்டுகிறது. காலையில் பெயர்ந்து விழுந்த காரை தூளிக்கு அடியில் கிடக்கிறது. தூளி தொங்குகிற கொக்கியைச் சுற்றித் துருப்பிடித்த கம்பி தெரிகிறது. குடியிருக்கிற பவுலின் குழந்தையை இறுக்கிக்கொள்கிறாள். பக்கத்துப் போர்ஷன் பிரபாவதியும் இப்படித்தான் ரிப்பேருக்கென்று வெளியேறினாள். அங்கே இப்போது வேறு குடித்தனம். "ஒரு சாவி என்கிட்ட இருக்கட்டும்ண்ணா." "ஏன், நான் வீட்ட தூக்கிக்கினு ஓடிடுவனா?" சிரிக்கிறார். இரண்டு சாவியும் அவர் விரலில் கிலுங்குகின்றன. தலைக்கு மேலே மறுபடியும் பொடி உதிர்கிற சத்தம். குழந்தை அண்ணாந்து பார்க்கிறது. பவுலின் வாசற்படியிலேயே நிற்கிறாள். நீங்களா இருந்தா இப்ப எந்தப் பக்கம் போவீங்க, சொல்லுங்க?