வெள்ளை முயல்

ஸ்டோவ்னர் புறநகரில், ஓர் அடுக்குமாடியின் பல்கனியில் பனி வெளிச்சம் நீலமாகப் படிந்திருக்கிறது. கீரியைப் போல ஒல்லியான தன் செல்லப்பிராணி ஃபெரெட்டுக்கு முழுசாகத் தின்னக் கொடுக்கவே ஜெயரூபன் முயல் வளர்க்கிறான். கூட்டைத் திறந்து கையை விடுகிறான். முயல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக மூலையில் ஒடுங்குகின்றன. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஃபெரெட் நகங்களால் பிறாண்டுகிறது. "அந்த வெள்ளையை விடுங்கோ, குட்டி போடப்போகுது," என்கிறாள் கதவருகில் நிற்கும் மனைவி வினோதினி. "ஓம், வேறை எடுக்கிறன்." சாம்பல் முயலைத் தூக்குகிறான். அது வீரிடுகிறது. முயலுக்குக் குரல் உண்டென்று அவள் இன்றுதான் அறிகிறாள். "கெதியாக் கதவைத் திற, கை வழுக்குது." கண்களை இறுக மூடிக்கொண்டு திறக்கிறாள். அவள் பாதத்தை உரசிக்கொண்டு ஃபெரெட் வெளியே பாய்கிறது, அவன் மூட மறந்த கூட்டை நோக்கி. கனத்த வயிற்றோடு வெள்ளை முயல் மூலையை விட்டு அசையவில்லை.