ஒன்பதாவது தந்தி

எட்வின் இருபது வருடம் ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்தார். பிறகு மாலை வகுப்பில் கிட்டார் சொல்லிக்கொடுத்தார். அதற்கிடையில் ஒன்பது தந்திகளோடு ஒரு கிட்டாரைச் செய்தார். ஏழு முறை பிரித்துக் கட்டியும் அந்த ஒன்பதாவது தந்தி அவர் விரலுக்கு மசியவில்லை. மாணவி ஷெரின் மூன்றே வாரத்தில் அதைப் பேசவைத்துவிட்டாள்.

வகுப்பின் ஆண்டு விழாவில், மேடையோரம் நின்ற டிரம்ஸ்காரர் தாமஸ், "யோவ் எட்வின், பெத்தது நீ, ஆனா அது அம்மான்னு கூப்புடுறது அந்தப் பொண்ணத்தான்யா" என்றார். எட்வின் சிரித்துவைத்தார். சுருதி பார்ப்பதுபோல் கிட்டாரை வாங்கி, ஒன்பதாவது தந்தியின் முறுக்காணியைத் தளர்த்தி, மேடையேறவிருந்த ஷெரினிடம் கொடுத்தார்.

வாசிப்பின் நடுவே அந்தத் தந்தி பிசிறியது. எட்வின் ஆவலோடு சபையைப் பார்த்தார். ஷெரின் நிறுத்தவில்லை. தலையைச் சாய்த்து அதையே மறுபடி தட்டினாள். பிறகு மற்ற எட்டுத் தந்திகளையும் அந்தப் பிசிறின் வழிக்கே வளைத்துக்கொண்டு போனாள். எந்த ஒலிக்காக ஏழு முறை கட்டினாரோ அந்த ஒலி அரங்கில் எழுந்தது.

கைதட்டல் ஓயுமுன் ஓடிவந்து கிட்டாரை அவர் மடியில் வைத்தாள்.

"கடைசி நேரத்துல எறக்கி வச்சீங்களே சார், சொல்லவே இல்ல பாத்தீங்களா! எவ்ளோ எறக்குனீங்க?"

நோட்டைத் திறந்து காத்திருந்தாள். எட்வினின் விரல்கள் முறுக்காணிமேல் இருந்தன. கொஞ்சம் முறுக்கிவிட்டால் போதும், அந்த ஒலி இருந்த இடம் யாருக்கும் தெரியாது.