லோதாரின் முதல் குளிர்கால விடுமுறை

"வியாண்டனும் போச்சு," என்று சொல்லிக்கொண்டே நடையில் விடுதிக்குக் கைபேசியில் பேசிவிட்டுத் திரும்பி வந்தார் லோதார். சாப்பாட்டு மேசை முழுக்க விரித்திருந்த வரைபடத்தில் அந்த ஊரின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.

மார்லீஸ் அவருக்குக் காபி ஊற்றினாள். "விடுதியில இடமே இல்லையாமா?"

"இருக்கு. நமக்கு ஒத்துவராது."

"கல்யாணமான புதுசுல, தேன்நிலவுக்குக்கூட நீ இவ்வளவு பார்த்துப் பார்த்து இடம் தேடல."

"அன்னிக்குத் தேடாம போனதாலதான் கட்டிலுக்கு அடியில எலி இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதமே கோஸ்லார் ஊரில் ஒரு சின்ன வாடகை வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஜனவரியில் தனியாகக் குடிபோகிறாள். லோதாரிடம் இன்னும் சொல்லவில்லை. பயணம் உறுதியாவதற்குள் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடுகிற அளவுக்குக்கூட அவர்களுக்குள் பேச்சு மிச்சமில்லை, அவ்வளவுதான். லோதார் பனி வாரும் வண்டி ஓட்டியவர். கல்யாணமான நாளிலிருந்து ஒரு குளிர்காலம்கூட அவர் வீட்டில் இருந்ததில்லை. விடியுமுன் ஊர்ச் சாலைகளிலெல்லாம் பனி உறையாமலிருக்க உப்புப் போடப் போவார், இருட்டிய பின் வந்து சாப்பிட்டுத் தூங்குவார். மார்லீஸ் தனியாக இருக்கப் பழகினாள். பழகப் பழக அதுவே பிடித்தும் போய்விட்டது.

செப்டம்பரில் அவர் ஓய்வு பெற்றார். அன்றிலிருந்து இந்த வரைபடம்தான்.

"வியாண்டனை விட்டுட்டா நேரா அல்சாஸ். கைசர்ஸ்பெர்க்." அவர் விரல் மெதுவாக நகர்ந்தது. "இந்தப் பாலத்துல மட்டும் ஜாக்கிரதையாப் போகணும். ரோடு காஞ்சு கிடந்தாலும் பாலம் உறைஞ்சுதான் இருக்கும். அப்புறம் இந்தக் காட்டு வளைவு. வெயிலே படாது."

"ரோட்டைப் பத்தியே சொல்றியே, ஊர்ல என்ன இருக்கு?"

"ஊர்ல என்ன இருக்கும்? ஒரு சர்ச், ஒரு ஆறு, ஒரு கேக் கடை. ரோடு சரியா இருந்தாத்தானே கேக்கு." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "கார்ல ரெண்டு மண்வெட்டி எடுத்து வெச்சிருக்கேன்."

"ரெண்டு எதுக்கு?"

"பனியில மாட்டிக்கிட்டா நீயும் வாரணும்ல?"

கைபேசி அடித்தது. ஹாம்பர்கிலிருந்து மகள் ஸ்வென்யா. அவர் அதை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினார்.

"என்னப்பா, ரெண்டாவது தேன்நிலவாமே! அம்மாவைப் பனியில தொலைச்சுட்டு வந்துடாத."

"தொலைஞ்சா வாரி எடுத்துட்டு வர்றேன். என் தொழிலே அதுதானேடி."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மார்லீஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பனியென்றும் சொல்ல முடியாமல் மழையென்றும் சொல்ல முடியாமல் ஏதோ ஒன்று பெய்துகொண்டிருந்தது.

மகள் வைத்ததும் லோதார் மறுபடி நடைக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டு கைசர்ஸ்பெர்க் விடுதிக்குப் பேசினார். கதவின் வழியாக அவர் குரல் மட்டும் துண்டு துண்டாகக் கேட்டது.

"ஒண்ணுதானா? ... இல்லம்மா, அப்போ வேண்டாம் ... பரவாயில்ல, நன்றி."

ஒரு இரவுக்கு மட்டும்தான் தருவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இப்படியே ஊர் ஊராக அடிபட்டுப் பயணமே நின்றுபோனால் நன்றாக இருக்கும் என்று ஓர் ஆசை வந்தது. எவ்வளவு கேவலமான ஆசை என்று அவளுக்கே தெரிந்தது.

அவர் வந்தார். இன்னொரு கோடு. "அடுத்தது ரிக்விர். அங்க கிடைக்கும்."

"லோதார், உட்காரு."

"ஒரே நிமிஷம். அந்த விடுதிக்காரம்மா பூட்டிட்டுப் போறதுக்குள்ள கேட்டுடறேன்."

"உட்காருன்னு சொல்றேன்ல."

உட்கார்ந்தார்.

"ஜனவரியிலேருந்து நான் இங்க இருக்க மாட்டேன். கோஸ்லார்ல வீடு எடுத்திருக்கேன். எனக்கு மட்டும்."

இத்தனை நாள் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தது. இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும் என்று அவள் நினைக்கவில்லை. அவர் கத்துவார் என்று காத்திருந்தாள். லோதார் வரைபடத்தின் மடிப்பை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துச் சமப்படுத்தினார்.

"தெரியும்," என்றார். "வீட்டுக்காரனோட தம்பி எங்க டிப்போலதான் இருக்கான். தெருவைப் போய்ப் பார்த்துட்டும் வந்துட்டேன். ரொம்ப ஏத்தம். அங்கல்லாம் உப்பு வண்டி கடைசியாத்தான் ஏறும். காலையில வாசப்படியில பார்த்து இறங்கு."

"தெரிஞ்சுமா? தெரிஞ்சுமா இத்தனை நாளா இந்த வரைபடத்தை விரிச்சு வெச்சுக்கிட்டு..." மார்லீஸின் குரல் உடைந்தது. "இந்தப் பயணத்தால எதுவும் மாறாது, லோதார். நான் மனசு மாற மாட்டேன்."

"ம்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. கைபேசியை எடுத்தார். இந்த முறை நடைக்கு எழுந்து போகவில்லை. அவள் எதிரிலேயே எண்களை ஒவ்வொன்றாக அழுத்திவிட்டுக் காதில் வைத்துக்கொண்டார். மறுமுனையில் ஒரு பெண் குரல் கேட்டது.

"வணக்கம்மா. ரெண்டு ரூம் வேணும். தனித்தனியா."