பிழையில்லாத புகார்

சத்தி ரோட்டு விபத்துக்குப் பிறகு, இறந்தவர்களுக்கு நகல் செய்து தரும் கம்பெனி எனக்கு அனுப்பிய கணவரின் நகல் சரியில்லை. நான் வைத்த ரசத்தை வாயில் வைத்தாலே அழுகிறது. என் கை பட்டால் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறது. இப்படியே எத்தனை நாள் பொறுப்பது? மாற்றித் தரச் சொல்லிப் புகார் எழுத உட்கார்ந்தேன்.

ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் புகாரைத் திருப்பிவிடுவார்கள். அதனால் 'அனுப்பிய நகல்' என்பதா, 'வழங்கப்பட்ட நகல்' என்பதா என்று யோசித்து, ஒற்று ஒன்று விடாமல் பார்த்துப் பார்த்து எழுதினேன்.

பின்னால் நின்று படித்த நகல் மெல்லச் சொன்னது: "மைனா வரிக்கு ரெண்டு தப்பு விடுவாளே."

"நான்தானே மைனா? இப்ப விடறதில்லை. அதையும் புகார்ல சேர்க்கட்டுமா?"

"அனுப்பாதே, வேண்டாம்."

அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

'தங்கள் முகவரிக்கு நாங்கள் வழங்கியது ஒரே ஒரு நகல், பெண் நகல். நகல்கள் எழுதும் புகார்களை ஏற்பதற்கில்லை. வாங்கியவர் எழுதினால் ஆவன செய்வோம்.'

"நான் எழுதமாட்டேன்" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சூடாக இருந்தது. என்னுடையதுதான் சில்லென்று இருந்தது.